முட்டை அட்டையில் கட்டிய கார்

முட்டை இல்ல கண்ணு. ஏறுனதுல இருந்து எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கண்டக்டர் தம்பி கூட, "பாத்து வெச்சுக்குங்கக்கா, உடைஞ்சா பஸ்ஸே நாறிரும்"ன்னு சொல்லிட்டுப் போச்சு. நாமக்கல் பஸ்ல ஒருத்தி மடியில முட்டை அட்டையை வெச்சுட்டு உக்காந்திருந்தா வேற என்னன்னு நெனப்பாங்க, அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல.

இதுக்குள்ள இருக்கறது மூளை. அட, நவுராத, ஆட்டு மூளை இல்ல. காரோட மூளை. ரிமோட் கார் பாத்திருப்பியே, கையில ஒண்ணைப் புடிச்சு அமுக்குனா தரையில ஓடுமே, அந்தக் கார். கார் மேல தட்டுல சாக்குப்பையில கெடக்குது. அது கெடக்கட்டும். வண்டி நெளிஞ்சா நிமுத்திக்கலாம், ஒடைஞ்சா ஒட்டிக்கலாம். இது போச்சுன்னா வண்டி பொணம். அதனாலதான் கழட்டி மடியில வெச்சிருக்கறேன். நீ வாங்கி வெச்சுக்கறேங்கற, நல்ல மனசுதான், ஆனா தப்பா நெனச்சுக்காத, யார் கையிலயும் குடுக்கமாட்டேன். என்ற மக கையில கூடக் குடுத்ததில்ல.

அதோ, டிரைவருக்குப் பின்னாடி மொத சீட்டுல கட்டம் போட்ட சட்டை தெரியுதா? அவருதான் என்ற ஊட்டுக்காரர். பேரு அர்த்தநாரி. அவரு காலைப் பாரு. பாத்தியா! டிரைவர் பிரேக் அடிக்கறதுக்கு முன்னாடி இவரு தரையில அடிக்கறாரு. கோயமுத்தூர்ல இருந்து இதுவரைக்கும் ஒரு நூறு தடவை அடிச்சிருப்பாரு. பஸ்ஸை அவருதான் ஓட்டிட்டு வர்றதா நெனப்பு. மத்தியானம் ஒரு மணியில இருந்து நான் அவருகூடப் பேசல. அதனாலதான் அவரு அங்க, நான் இங்க. பேசறதாவும் இல்ல. நீயே கேட்டுட்டு ஞாயத்தைச் சொல்லு. நீயும் நாமக்கல்தானே? அப்ப நெறைய நேரமிருக்குது.

என்ற பேரு வசந்தாமணி. முட்டைக் கோடவுன்ல இருபத்தாறு வருசமா வேலை. பேக்கிங். பண்ணையில இருந்து வர்ற முட்டையை அட்டையில அடுக்கி, பெட்டியில கட்டி, லாரியில ஏத்திக் கேரளாவுக்கு அனுப்பறது. நான் கட்டுன பெட்டி எத்தனை குழியில எறங்கி ஏறிப் போனாலும் சரி, அங்க பிரிச்சா ஒரு விரிசல் இருக்காது. "வசந்தாமணி கட்டுனதை மாடியில இருந்து போட்டாலும் ஆம்லெட் ஆகாது"ன்னு ஓனரே சொல்லுவாரு. பெருமைக்குச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

பேக்கிங் இல்லாத நேரம் கேட்டுல நிப்பேன். கோடவுன் கேட்டு ரொம்பக் குறுகலு, ரெண்டு பக்கமும் கல்லுத் தூணு. லாரி உள்ள வர்றப்ப ஒருத்தர் முன்னாடி நின்னு வழி சொல்லணும். ஆம்பளைங்க சொன்னா டிரைவருங்களுக்கு ரோசம் வந்துரும், நீ யாருடா எனக்குச் சொல்றதுன்னு. அதனால ஓனர் என்னை நிக்க வெச்சுட்டாரு. அது லேசுப்பட்ட வேலை இல்ல பாத்துக்க. எதுத்தாப்புல நிக்கறோமில்ல, நமக்குச் சோத்தாங்கைப் பக்கம் டிரைவருக்குப் பீச்சாங்கைப் பக்கம். நம்ம கையை மறந்துட்டு அவங்க கையைத்தான் நெனைக்கணும். மொத வாரம் ஒரு தூணு போச்சு. அப்பறம் பழகிருச்சு. இப்பெல்லாம் யாராவது வழி கேட்டா அவங்க மூஞ்சியைப் பாத்தாத்தான் எனக்கு லெஃப்ட்டு ரைட்டே வருது.

இவரு அந்தக் கோடவுனுக்கு லாரி ஓட்டிட்டு வந்தவருதான். நான் இவருகிட்டப் பேசுன மொத வார்த்தையே "ஓல்டான்!", அதான், வண்டியை நிறுத்துன்னு. சிரிக்காத கண்ணு. ரெண்டாவது வார்த்தை "லெஃப்ட்டு ஒடி". மூணாவது மாசம் கல்யாணம். அதுக்கப்பறமும் கேட்டுல நான் சொல்லச் சொல்லத்தான் வண்டி உள்ள வரும், ஊட்டுல மட்டும் நான் சொல்றது ஒண்ணும் காதுல ஏறாது. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். மொத்தம் இருபத்தெட்டு வருசம் லாரி ஓட்டுனாரு, வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல.

போன வருசம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனவரைக் கண்ணு டெஸ்ட்டுல வேண்டான்னுட்டாங்க. சக்கரை கண்ணுக்கு எறங்கிருச்சாம். கிட்ட இருக்கறது தெரியும், தூரத்துல இருக்கறது கலங்கலாத் தெரியும். எங்களுக்கு அது பெரிய அடி. ஊட்டுக்கு வந்தாரு, ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்து வாசல் கேட்டைப் பாத்தாப்புல போட்டாரு, உக்காந்துட்டாரு. ஆறு மாசம் கண்ணு! ரோட்டுல லாரி போச்சுன்னா, "லோடு எச்சா ஏத்திருக்கறான்"ம்பாரு. அவ்வளவுதான் பேச்சு. சோறு வெச்சா தின்பாரு, வெக்காட்டி கேக்கமாட்டாரு. கொழம்புல உப்பே போடாம வெச்சுப் பாத்தேன், ஒரு வார்த்தை திட்டல. சண்டை போடாத ஊடு ஒரு ஊடா?

எங்க மக கோகிலவாணி பெங்களூர்ல வேலையில இருக்கறா. அவதான் இந்தக் காரை வாங்கி அனுப்பிச்சா. முழ நீளம் இருக்கும். கையில புடிக்கறது துப்பாக்கி மாதிரி இருக்கும், அதுல பக்கவாட்டுல உள்ளங்கை அகலத்துல ஒரு குட்டி ஸ்டீரிங். இவரு அந்த ஸ்டீரிங்கை ரெண்டு வெரல்ல புடிச்சாரு பாரு, முதுகு தானா நிமுந்துக்குச்சு. வாசல்ல வண்டியை விட்டுட்டு வளைவுல வாயாலயே ஆரன் அடிச்சாரு. "பீ...ப் பீ...ப்"ன்னு. நான் சமையக்கட்டுல நின்னு அழுதுட்டேன். எனக்கு அந்தக் கார் மேல ஒரு ஆசையும் இல்ல, இப்பவும் இல்ல. மனுசன் வாயைத் தொறந்தாரேன்னு அழுதேன்.

ஆனா பாரு, போறப்ப நேராப் போகுது. திரும்பி இவரைப் பாத்து வர்றப்பத்தான் கெரகம். எதுத்தாப்புல வர்ற வண்டிக்கு லெஃப்ட்டு ரைட்டு மாறிருமில்ல? காலமெல்லாம் வண்டிக்கு உள்ள உக்காந்தே ஓட்டுனவருக்கு அது புடிபடவே இல்ல. தன்னோட கையை வெச்சே ஒடிக்கறாரு, வண்டி எதிர்ப்பக்கம் போய்க் குத்துது. மொத நாள் ஆட்டுக்கல்லு. அடிச்சுட்டு என்ன கேட்டாரு தெரியுமா? "ஆட்டுக்கல்லை யாரு ராங் சைடுல போட்டது?"ன்னு கேக்கறாரு! அது எங்க மாமியா காலத்துல இருந்து அங்கதான் கெடக்குது. எந்த மனுசனுக்காவது தன்ற தப்பை ஒத்துக்கற பழக்கம் இருக்குதா சொல்லு.

கார் எந்திரிக்கல. மொபைல் ரிப்பேர் பண்ற தம்பிகிட்டத் தூக்கிட்டுப் போனேன். அது பிரிச்சுக் காமிச்சுது. உள்ள முக்கியமா ரெண்டு டப்பி. ஒண்ணு ரிசீவர், இவரு ரிமோட்டுல சொல்றதை வாங்கிக்கறது. நான் அதைக் காதும்பேன். இன்னொண்ணு ஸ்பீடு கன்ட்ரோலர். மோட்டாரை ஓடு, நில்லுன்னு வேலை வாங்கறது. அதை மேஸ்திரிம்பேன். "அக்கா, ரிசீவருக்குள்ள பலகை விரிஞ்சு போச்சு, ஒண்ணும் பண்ண முடியாது"ன்னுருச்சு தம்பி. மக புதுசுக்குச் சொல்லிப்போட்டா. வர்றதுக்கு இருபது நாள் ஆச்சு.

அந்த இருபது நாளும் இவரு மறுபடியும் அந்தச் சேர்ல, கேட்டைப் பாத்துட்டு. எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு, இந்தக் காது ஒவ்வொரு தடவை சாகறப்பவும் இவரும் அந்தச் சேருக்குப் போயிருவாருன்னு. இவரு ஓட்டறதைத் திருத்த நம்மளால ஆகாது. அடிபட்டாலும் ஒடையாமக் கட்டறது நம்மளால ஆகும். அது என்ற தொழிலு.

மொதல்ல உமி போட்டேன். அந்தக் காலத்துல முட்டையெல்லாம் உமியிலதான் போகும். டப்பி ரெண்டையும் நடுவுல வெச்சுச் சுத்தி உமியைக் கொட்டி மூடிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. என்ன, வண்டி போற வழியெல்லாம் உமி சிந்துச்சு. பக்கத்து ஊட்டுக் கோழி நாலு, நொய்யி இருக்கும்னு பின்னாடியே தொரத்திட்டு ஓடுச்சு. இவரு பயந்துட்டு வேகமா விட, அதுங்களும் வேகமா ஓட, தெருவே வேடிக்கை பாத்துச்சு. அப்பறம் சக்கரத்துல உமி சிக்கிட்டு நின்னுருச்சு. அந்தக் கோழிங்க இன்னைக்கும் அந்தக் காரைப் பாத்தா ஓடி வரும்.

அடுத்து பஞ்சு. தலைகாணியைப் பிரிச்சு, மேஸ்திரியைப் பச்சப் புள்ளை மாதிரிச் சுத்தி, மேல டேப்பை இறுக்கி ஒட்டினேன். நாலாவது ரவுண்டுல பொகை. மேஸ்திரி கருகிட்டாரு. பேக்கிங்கைத் தப்பு சொல்லாத, ஒரு அடி படல பாத்துக்க. சும்மா போய்ட்டு இருந்தது எரிஞ்சுதுன்னா அது கம்பெனிக் கோளாறு. மக போன்ல, "அம்மா, அது சூடாகும், அதுக்குக் காத்து வேணும்"னு கத்துறா. எனக்குத் தெரியாதா? முட்டைப் பெட்டியில ஓட்டை எதுக்கு இருக்குது? காத்தில்லாம மூடுனா முட்டை வேர்த்துரும்னு கோடவுன்ல எத்தனை புள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கறேன். அவ சொல்றதுக்கு முன்னாடி நானும் அதைத்தான் நெனச்சுட்டு இருந்தேன்.

மறுபடியும் இருபது நாள், மறுபடியும் அந்தச் சேரு. இந்தத் தடவை நான் சும்மா இருக்கல. புது மேஸ்திரி வர்றதுக்குள்ள கட்டு சரியா இருக்குதான்னு பாத்துரணும்னு, காதைக் கழட்டி வெச்சுட்டு அந்த எடத்துல ஒரு முட்டையை வெச்சேன். முட்டை தாங்குச்சுன்னா எல்லாம் தாங்கும். எங்க மாடிப்படி பதினேழு படி. மேல இருந்து காரைத் தள்ளி விட்டேன். தடதடன்னு உருண்டு வந்து கீழ செவுத்துல மூஞ்சியைக் குத்துச்சு. போய்ப் பாத்தா முட்டை போச்சு.

ஆனா எங்க போச்சுங்கறதைக் கேளு. மஞ்சக்கரு முன்பக்கம் இல்ல. பின்னாடி இருக்கற பேட்டரி மேல அப்பிட்டு இருக்குது! அப்பத்தான் எனக்குப் பொக்குன்னு ஆயிருச்சு. அத்தனை நாளும் ஆட்டுக்கல்லையும் செவுத்தையும் திட்டிட்டு இருந்தமே, முட்டையை ஒடைச்சது அது இல்ல. வண்டி முட்டி நின்னதும் பின்னாடி லூசா இருந்த பேட்டரி பாஞ்சு வந்து அடிச்சிருக்குது. அது ஒரு தேங்காக் கனம். தேங்காயையும் முட்டையையும் ஒரே பையில போட்டுட்டு ரோட்டைத் திட்டுன கதையாப் போச்சு.

அப்பறம் தினமும் ஒரு முட்டை. மக படிக்கறப்ப வெச்சிருந்த பழைய ஸ்கூல் பையோட வாரை அறுத்து பேட்டரியை ஆடாம அசையாம கட்டினேன். காதுக்கு முட்டை அட்டையில ஒரு குழியை வெட்டி, அடியில ரெண்டு பக்கமும் ஒட்டற ஸ்பாஞ்சு டேப்பு. ஒயரை இழுத்துக் கட்டக் கூடாது, கொஞ்சம் தொங்கலா விட்டுப் பூக்கட்டற நூல்ல மெத்துன்னு ஒரு முடிச்சு. மேஸ்திரிக்குச் செருப்பு ரப்பர் மெத்தை, மேல மூடி கெடையாது, நல்லா மூச்சு விடட்டும். முன்னாடி முட்டறதுக்கும் செருப்பு ரப்பர்தான், ரெண்டு அடுக்கு. யாரு செருப்புங்கறயா? இவரோடதுதான். புதுசு. ஒத்தைக் காலு செருப்பு போதுமா இருந்துச்சு. மிச்ச ஒத்தையோட நாலு நாள் கடைவீதிக்குப் போய்ட்டு வந்தாரு.

ஏழு முட்டை போச்சு. ஏழு நாளும் ஊட்டுல முட்டைப் பொரியல். எட்டாவது நாள் நான் காரைத் தூக்கிட்டு மாடிக்கு ஏறுறேன், சேர்ல இருந்து சத்தம் வருது. "ஏ புள்ள, மெதுவாத் தள்ளற. நான் அடிக்கற அடி இதைவிட வேகமா இருக்கும்"ங்கறாரு! பெருமையைப் பாத்தியா? "அப்ப நீங்களே வந்து தள்ளுங்க"ன்னேன். வந்தாரு. ஓங்கித் தள்ளுனாரு. பதினேழு படியும் உருண்டு செவுத்துல மோதி மல்லாந்துச்சு. பிரிச்சா, முட்டை முழுசா இருக்குது. அன்னிக்குப் பூரா சண்டை, முட்டை பொழச்சது என்ற கட்டுனாலயா அவரு தள்ளுன லாவகத்துனாலயான்னு. எனக்கு அன்னிக்குத்தான் ராத்திரி சோறு எறங்குச்சு.

அப்பறம் புது மேஸ்திரியும் வந்து சேந்துட்டாரு. என்னவோ மக போன்ல பாத்துச் சொன்னா, கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் மைதானத்துல ரேஸ் வெக்கறாங்களாம், அரை மணி நேரம் நிக்காம ஓட்டணுமாம். இவரு மூணு நாள் தூங்கல. அதுக்குத்தான் கண்ணு இன்னிக்கு விடியறப்பவே கெளம்பிப் போனோம்.

போய்ப் பாத்தா பதினொரு காரு. எல்லாம் வாட்டசாட்டமான பசங்க. ஆளுக்கொரு பெட்டி, அதுக்குள்ள ஆப்பரேசன் பண்றாப்புல சாமான். தலையில கொண்டை போட்ட ஒரு பையன் எங்க வண்டி மூடியைத் தொறந்து பாத்துட்டு, "ஆன்ட்டி, இது ஆஃப் பாயிலா, ஃபுல் பாயிலா?"ங்கறான். எல்லாரும் சிரிச்சாங்க. இவரு மூஞ்சி சுண்டிப் போச்சு. நான் சொன்னேன், "இரு தம்பி, அரை மணி நேரம் கழிச்சு உன்ற வண்டியைப் பாத்துட்டுச் சொல்றேன்"னு.

ஓட்டறவங்க எல்லாரும் ஒரு மேடை மேல நிக்கணும். கூட வந்தவங்க ஆளுக்கொரு வளைவுல நின்னு கவுந்த வண்டியை நிமுத்தி விடணும். எனக்குக் கடைசி வளைவு, மேடைக்கு ரொம்ப எட்டத்துல. அங்கிருந்துதான் வண்டி திரும்பி இவரைப் பாத்துப் போகணும். எந்த எடத்துல இவருக்குக் கெரகமோ அதே எடம்.

விசில் ஊதுனாங்க. போறப்ப நல்லாப் போச்சு. திரும்புனதும் ஓரத்துல அடுக்கியிருந்த டயர் மேல டமார். ஓடிப் போய் நிமுத்தினேன். காது உசுரோட இருக்குது. அடுத்த ரவுண்டு, அதே டயர். அதுக்கடுத்த ரவுண்டு பக்கத்து டயர். ஆறு தடவை கண்ணு! ஆறு தடவையும் என்ற கட்டு அசையல. அந்தப்பக்கம் ஒருத்தன் வண்டியில காது கழண்டு ஒயர்ல தொங்குது, இன்னொருத்தனுக்கு பேட்டரி பறந்து போய் புல்லுல கெடக்குது. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம்தான், ஞாயமில்லைன்னாலும் சந்தோசம்தான்.

ஆனா ஆறாவது அடிக்கப்பறம் மேடையைப் பாத்தேன். இவரு நிக்கறாரு, மூஞ்சி அந்தச் சேர்ல உக்காந்திருந்தப்ப இருந்த மூஞ்சி. ரிமோட்டு கீழ எறங்குது. இன்னொரு அடி பட்டா அதைக் கீழ வெச்சிருவாரு, ஊட்டுக்குப் போனதும் சேரைத் தூக்கிக் கேட்டுக்கிட்டப் போட்டுக்குவாரு, இனி எந்தக் காரும் எழுப்பாது. வண்டி வளைவுல திரும்புது. வாய் தானாத் தொறந்துக்குச்சு. "லெஃப்ட்டு ஒடி! ஒடி... ஒடி... போதும், நேரா வரட்டும்! வரட்டும், வரட்டும்... ரைட்டு லேசா... ஓல்டான்!"

கோடவுன் கேட்டுல கத்துற சத்தம் கண்ணு, லாரி இஞ்சினைத் தாண்டிக் கேக்கணும்னு பழகுன தொண்டை. கடைசி ஓல்டான் வாய்ப் பழக்கம், இவருக்கு அது தெரியும், எங்க வண்டி நிக்காம கோடு போட்டாப்புல போச்சு. மத்த வண்டிங்க என்னாச்சோ தெரியல, "ஓல்டான்"னதும் மூணு காரு சடார்னு நின்னுருச்சு, நாலாவது அதுங்க மேல ஏறிப் பல்ட்டி அடிச்சுது. கொண்டைக்காரன் வண்டி "லெஃப்ட்டு ஒடி"க்கு ஒடிச்சுட்டுப் போய் பேனர்ல குத்துச்சு. என்ற சத்தத்துலதான் போச்சுன்னு அவனுங்க சண்டைக்கு வந்தாங்க. சத்தத்துல எங்காவது காரு ஒடையுமா? பேக்கிங் இல்ல, ஒடைஞ்சுது. நடத்தறவரு ரூல் பேப்பரை முன்னாடியும் பின்னாடியும் திருப்பிப் பாத்துட்டு, "கத்தக் கூடாதுன்னு எழுதலையேப்பா"ன்னுட்டாரு.

அதுக்கப்பறம் இவரு ஒரு டயரைக் கூடத் தொடல. நான் பாட்டுக்குப் பழக்கதோசத்துல கத்திட்டு இருந்தேன், அது வேற. நடுவுல ஒருக்கா பாக்கறேன், வெயில் அவரு மூஞ்சிக்கு நேரா அடிக்குது, மனுசன் கண்ணை மூடிட்டு நிக்கறாரு! நின்னுட்டே தூங்கிட்டாரோன்னு பதறிப்போனேன். ஆனா வண்டி ஒழுங்காத்தான் வந்துட்டு இருந்துச்சு. சரி, ஓட்ட ஓட்ட அனுபவம் வந்துருச்சு போலிருக்குதுன்னு விட்டுட்டேன்.

முடிவுல நாலே நாலு காருதான் ஓடிட்டு இருந்துச்சு. இவரு மூணாவது. ஆமா, கப்பு குடுத்தாங்க, அதை யாருக்கும் காட்டாம அவரே சட்டைக்குள்ள வெச்சிருக்கறாரு. கொண்டைக்காரன் வண்டியைப் பாத்தேன், பிரிச்சுப் பரப்பி வெச்சிருந்தான். "உன்றது பொடிமாஸ் தம்பி"ன்னு சொல்லிட்டு வந்தேன். நல்ல பையன்தான், அப்பறம் அவனே வந்து எங்க கட்டைப் போட்டா எடுத்துட்டுப் போனான்.

இப்பத்தான் விசயத்துக்கே வர்றேன். கப்பு குடுத்துட்டு மைக்கை இவரு கையில குடுத்தாங்க. என்ன சொன்னாரு தெரியுமா? "இருபத்தெட்டு வருச அனுபவம் பேசுது"ன்னாரு. சரி, பேசட்டும். கார் வாங்கிக் குடுத்த மகளுக்கு நன்றின்னாரு. எடம் குடுத்த காலேஜுக்கு நன்றின்னாரு. டீ கொண்டாந்து குடுத்த தம்பிக்கு நன்றின்னாரு. மைக்கைக் குடுத்துட்டு எறங்கிட்டாரு! டீக்கு நன்றி சொன்ன மனுசனுக்கு, முட்டை அட்டையை வெட்டி, செருப்பை அறுத்து, ஏழு முட்டையைப் பலி குடுத்துக் கட்டுனவ பேரு ஞாபகம் வரல. அந்தக் கட்டு இல்லைன்னா மொத ரவுண்டுலயே பொணம்! அதுல இருந்துதான் நான் பேசல. நீயே சொல்லு, என்ற மேல தப்பு இருக்குதா?

என்ன, பஸ் நின்னுருச்சு? திருச்செங்கோடு தாண்டிட்டமே. எட்டிப் பாரு கண்ணு. அட, பாலம் வேலையா. லாரி ஒண்ணு அச்சு முறிஞ்சு பாதி ரோட்டை மறிச்சுட்டு நிக்குது. இந்தப்பக்கம் பள்ளம். நடுவுல பஸ் போகும், ஆனா அளவா இருக்குது. கண்டக்டர் எங்க? அதோ, எறங்கிப் போய் லாரிக்காரனோட சண்டை போட்டுட்டு இருக்குது. டிரைவர் பாவம், சின்ன வயசு, ஸ்டீரிங்கைப் புடிச்சுட்டு முழிக்குது.

இரு, இவரு எந்திரிக்கறாரு. டிரைவர்கிட்ட என்னமோ சொல்லப் போறாரு. பஸ்ஸைக் குடு, நான் ஓட்டறேன்னு கேட்டாலும் கேப்பாரு. சத்தம் போடாத, கேப்போம்.

"தம்பி, அவசரப்படாத. பின்னாடி எங்க ஊட்டுக்காரி உக்காந்திருக்கறா. அவளை எறங்கி முன்னாடி நிக்கச் சொல்லு. அவ சொல்றாப்புல ஒடி, கண்ணை மூடிட்டு ஒடிக்கலாம். நான் இருபத்தஞ்சு வருசம் அப்படித்தான் ஓட்டுனேன். இன்னிக்குக் காத்தாலயும் அப்படித்தான். அந்தக் கடைசி வளைவு எனக்குத் தெரியவே இல்ல தம்பி. காரே தெரியல. இவ சத்தந்தான் தெரிஞ்சுது."

...

கண்ணு, நீ கேட்டியா? கடைசியா என்ன சொன்னாரு? எனக்கு இங்கிருந்து சரியாக் கேக்கல. இன்னொருக்கா சொல்லு. முழுசாச் சொல்லு.

ம். அப்படியா சொன்னாரு.

பேக்கிங்கைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே? பாத்துக்க, அதை மட்டும் சொல்லமாட்டாரு.

ஏனுங்! வர்றேன், வர்றேன்! அந்தத் தம்பியை ஸ்டீரிங்கைத் தொடாம இருக்கச் சொல்லுங்க!

இந்தா கண்ணு, இதைப் புடி. ஆமா, உன்ற கையிலதான் குடுக்கறேன், மடியில வெச்சு ரெண்டு கையாலயும் புடிச்சுக்க. துப்பட்டாவைப் போட்டு மூடிராத, அதுக்கு மூச்சு வேணும். நான் எறங்கிப் போய் இந்த பஸ்ஸை அந்தப்பக்கம் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தர்றேன்.